தூரத்திலிருந்து எடுக்கும் ரிமோட்

சாட்சி சொன்னால் வண்டியோடு வெடித்துச் சிதறுவாய் என்று கோமதிநாயகத்துக்கு மிரட்டல் வந்த மறுநாளிலிருந்து, வீட்டுப் பழைய வேனைக் காலையில் ஸ்டார்ட் செய்வது அவர் மனைவி செண்பகத்தின் வேலையானது. “பழைய என்ஜின்லா, கொஞ்சம் சூடாகட்டும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவார். நேற்று மகள் சுபிதா விளையாட்டாகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். அவர் அலறியடித்து ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தார். செண்பகம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலமே மெக்கானிக் வந்தான். “பழைய வண்டிக்கும் ஸ்டார்ட் பண்ற ரிமோட் மாட்டலாம் அண்ணாச்சி. பக்கத்துல நின்னு அமுக்குறது போதுமா?”

“இருக்கதுலயே தூரமா எடுக்கது எது?”

இன்று காலை மகளைப் பின்கட்டில் நிறுத்திவிட்டு ரிமோட்டை எடுத்தார். செண்பகத்தைக் காணவில்லை. வாசலில் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அமுக்குங்க,” என்றாள் வேனுக்குள்ளிருந்து. “என்ஜின் சூடாகட்டும்.”