இலை துடைக்கும் நேரம்

“உனக்கென்னடி, தண்ணி ஊத்தாட்டியும் தாங்குவே, வெளிச்சம் இல்லாட்டியும் தாங்குவே. என்னால முடியலை. மாசக் கடைசியில எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வரமாட்டேன்.”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். கூடத்தில் அவர் மனைவியைத் தவிர யாருமில்லை. மூலையிலிருந்த தொட்டிச் செடியின் இலைகளை ஈரத்துணியால் துடைத்தபடி, அதனிடம்தான் புலம்பிக்கொண்டிருந்தாள். பேசினால் செடி செழிப்பாக வளருமாம்! போன வாரம் அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வாய்க்கு வந்தபடி கிண்டலடித்தவர் இவர்தான்.

“வீட்டுக்கு வந்தா போன், சாப்பிடறப்பவும் போன். ஒரு வார்த்தை பேசறாரா மனுஷன்? தின்ன தட்டு மேசையிலேயே காயுது.”

அன்று மாலை கடைக்காரர் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தட்டைக் கழுவினார். “இன்னிக்கு என்னம்மா செஞ்சே?” என்று கேட்டதோடு நில்லாமல், அவள் சொன்ன பதிலையும் முழுசாகக் கேட்டார். பாவம், பழக்கமில்லாத வேலை, வியர்த்துவிட்டது.

மறுநாள் காலையும் கதவுக்குப் பின்னால் ஆஜர்.

“பரவாயில்லைடி, கொஞ்சம் தேறிட்டார். ஆனா லீவு நாள்ல வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்னு தோணுதா பாரேன்!”

சனிக்கிழமை கடையை மத்தியானமே சாத்திவிட்டு, இரண்டு சினிமா டிக்கெட்டோடு வந்து நின்றார்.

மாசக் கடைசி வந்தது. பரண்மேல் இருந்த பெட்டி இறங்கவே இல்லை. கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் செடி மட்டும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் கேட்டிருக்காவிட்டால் குடும்பமே சிதறியிருக்குமே! நன்றி பொங்க, நர்சரியில் நல்ல உரமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீடு திரும்பினார்.

கூடத்து மூலை காலியாக இருந்தது. பின்வாசல் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. பழக்கதோஷம், கதவுக்குப் பின்னால் நின்றார்.

மனைவி செடியைத் தொட்டியோடு பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் தண்ணி விட்டாப் போதும்க்கா. உங்க வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாடி வந்து நின்னுட்டாரான்னு பாத்துட்டு அப்புறமாப் பேச ஆரம்பிங்க. அவர் திருந்தினதும் மறக்காம மாடி வீட்டுக்குக் கொடுத்துடுங்க, அடுத்த முறை அவங்களுது!”