அறுபத்து நாலு கேபி பஸ்

"யோவ், சீக்கிரம் ஏறு! உங்கப்பன் வூட்டுக் காரா இது, உனக்காக நின்னுகினு கீறதுக்கு?"

தினமும் காலையில் சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் கேட்கிற சத்தம் இது. கத்துகிறவர் கம்பெனி பஸ் டிரைவர் சாம்சன். வாங்கிக் கட்டிக்கொள்கிறவன், எப்போதும் கடைசி ஆளாக வந்து தொற்றிக்கொள்ளும் சக்திகுமார்.

சக்திகுமார் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் ஆபரேட்டர். திட்டினால் பதில் பேச மாட்டான். ஆனால் பழிவாங்கத் தெரியும்.

ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் தானே ஒரு கேம் எழுதினான். பெயர் 'ஷிப்ட் பஸ்'. லாட்ஜிலிருந்து ஓடி, நாயிடம் தப்பி, டீக்கடைக் கூட்டத்தைத் தாண்டி, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வில்லன் டிரைவர் சாம்சன். தலையில் இரண்டு கொம்பு, வாயில் கோரைப்பல்.

கேமை சி.டி.யில் போட்டுக் கொடுத்தான்; அது ரூம் ரூமாகச் சுற்றியது. ஆடியவர்கள் எல்லோரும் சாம்சனைப் பார்த்துச் சிரித்தார்கள். எப்படியோ அது ஒரு சென்னைக் கம்பெனியின் காதுக்கும் போனது.

"இதையே செல்போனில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிச்சுத் தந்தா, உங்களுக்கு இங்கேயே வேலை" என்றார்கள்.

எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஸ்க்ரூ முடுக்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பட்டன் போனில் கேமுக்கு இருந்த மெமரி இடம் மொத்தமே அறுபத்து நாலு கேபி. சக்தி கத்திரியை எடுத்தான். பாட்டு போனது. டீக்கடை ஆவி போனது. நாய்க்கு வால் போனது. அப்படியும் கொஞ்சம் இடித்தது.

மிச்சம் ஒரு காட்சி இருந்தது. பஸ் கிளம்புவதற்கு முன் சாம்சன் இறங்கி, ஸ்பேனரால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். நிஜத்திலும் மனிதர் தினமும் செய்கிற அலட்டல்தான். இது எதற்குத் தண்டமாக என்று அதையும் தூக்கினான். கேம் கச்சிதமாகப் போனுக்குள் உட்கார்ந்தது.

ஒரே ஒரு குறைதான். யாராலும் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை.

ரூம்மேட் தளவாய் நாற்பது தடவை ஓடிப் பார்த்தான். நாற்பது தடவையும் பஸ் போய்விட்டது.

"என்னல இது? பஸ்ஸ விடுததுக்கு எதுக்குல கேம் ஆடணும்? அத நான் சும்மாவே விடுவேன்லா!" என்று போனைக் கட்டிலில் போட்டான்.

இரண்டு நாள் போராடியும் சக்திக்குத் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில், பக்கத்து சீட் மாரிசெல்வியிடம் போனைக் கொடுத்தான். அவளும் அவன் ஊர்ப்பக்கம்தான். கம்பெனியில் கீபேட் டெஸ்டிங். நாள் முழுக்கப் பட்டன் அமுக்குகிற விரல். அவளாலேயே முடியவில்லை.

"போன் ஸ்லோ, அதான்" என்றான் சக்தி. "நான் கிளம்புத நேரம், என் ஓட்டம், பஸ் டைம் எல்லாம் நெசத்துல உள்ளதுதான் போட்டிருக்கேன்."

"டயர் தட்டுத சீன் எங்க?"

"எடுத்துட்டேன். வேஸ்ட்டு."

"அட லூசு! அவரு தட்டி முடிக்கதுக்குள்ளதான கம்ப்யூட்டர்ல நாங்க எல்லாரும் ஓடி வந்து ஏறினோம்?"

சக்தி தலையில் அடித்துக்கொண்டான். "திருப்பிப் போட இடம் இல்லையே!"

"அப்ப பஸ்ஸ மூணு நிமிஷம் சும்மா நிப்பாட்டி வையி."

"காரணமே இல்லாம கம்பெனி பஸ்ஸு நிக்குமா? ஆடுதவன் சிரிப்பான்."

மாரிசெல்விதான் சிரித்தாள். "நெசத்துல தெனமும் நிக்குதே!"

"அது டயர் பாக்கதுக்கு..."

"சும்மா நின்னா பஸ்ல இருக்கவங்க சத்தம் போடுவாங்க. டயர்னு சொன்னா யாரு கேப்பா? நீ தெருமுனையில தெரிஞ்சதும் ஏறி உக்காந்து ஆரன் அடிப்பாரு."

"ஏ, சும்மா சொல்லாத."

"நீ லீவு போட்ட அன்னைக்கெல்லாம் அவரு சீட்ட விட்டே இறங்க மாட்டாரு. டைம் ஆனா எடுத்துருவாரு."

சக்தி நிமிர்ந்து முன்னால் பார்த்தான். சாம்சன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு லாரிக்காரனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். சக்திக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாயந்தரம் ரூமுக்குப் போனதும் முதல் வேலையாக வில்லனின் கொம்பு இரண்டையும் கோரைப்பல்லையும் அழித்தான்.

டயர் தட்டுகிற காட்சிக்குச் சரியாக இடம் கிடைத்தது.