கைராசி

"எவன்யா அவனை உள்ளே விட்டது? அந்த ஆளைச் சொல்லணும்! ஊரைக் கெடுத்த பாவம் அவன் தலையிலதான் விடியும்!"

சலூன் கதவைத் தள்ளும்போதே சிமெண்ட் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். காலையில் முதல் ஆள் எப்போதும் அவர்தான்.

யாரை என்று சலூன்காரர் கேட்கவில்லை. மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு இளைஞனும் கேட்கவில்லை. மடித்த துண்டையே மறுபடி மடித்தான்.

"உட்காருங்க முதலாளி. தண்ணி கொதிக்குது."

"தண்ணி மட்டுமா கொதிக்குது? நேத்து சங்கத்துல பேசி முடிச்சாச்சு. இந்தத் தெருவுல ஒருத்தனுக்குத் தலைவலின்னா பத்துப் பேர் மாத்திரையோட ஓடி வர்றோம். நம்மளுக்குள்ள இந்தப் பரதேசி எதுக்கு? சாயந்திரத்துக்குள்ள அவன் மூட்டையைக் கட்டணும். இல்லேன்னா கடைத்தெரு ஆள் ஒருத்தன் உன் படி ஏற மாட்டான்!"

"பாவம், கூட்டிப் பெருக்கிக்கிட்டு ஒரு ஓரமா இருக்கான்..."

"இன்னிக்குத் துண்டு மடிப்பான். நாளைக்குக் கத்தி எடுப்பான். பாஷை தெரியாதவன்கிட்ட நான் கழுத்தை நீட்டணுமா?"

"எனக்கு மொழி தெரியும், ஐயா," என்றான் இளைஞன்.

"தெரியுதுல்ல? அப்போ வெளிய போன்னா புரியும்!"

இளைஞன் சலூன்காரரைப் பார்த்தான். சலூன்காரர் சுவரைப் பார்த்தார்.

"என்னய்யா, போறானா இல்லையா?"

"நீங்க சாஞ்சுக்கங்க முதலாளி."

சாய்ந்தார். சூடான துண்டு கண்ணை மூடியது. கன்னத்தில் நுரை ஏறியது.

அவர் தாடையில் ஒரு பழைய தழும்பு உண்டு. மூட்டை தூக்கிப் பிழைத்த காலத்தில் கொக்கி கிழித்தது. வேறெந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கத்தி அங்கே தடுக்கும். ஒரு சொட்டு ரத்தமாவது பார்க்காமல் விடாது. இங்கே மட்டும் அது கடந்து போவதே தெரியாது.

"இதுக்குப் பேர்தான் கைராசி!" துண்டுக்கு அடியிலிருந்து குரல் குழைந்தது. "போன வருஷம்கூட உன் கை அந்த இடத்துல லேசா இழுக்கும். இப்போ வெண்ணெய் மாதிரி வழுக்குது. வயசாக ஆக உனக்கு மெருகு ஏறுதுய்யா. இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு, எங்கிருந்தோ வந்தவன் தயவு உனக்கு எதுக்கு?"

"அதானே முதலாளி," என்றது சலூன்காரர் குரல், காதோரமாக.

உள்கதவு படாரென்று திறந்தது. வெந்நீர்ப் பாத்திரம் டங்கென்று தரையில் இறங்கியது.

"இதுக்கும் அதானேவா? சோத்துல உப்புப் போட்டுத்தானே தின்னுறீங்க?"

சலூன்காரர் மனைவி.

"ஏய், சும்மா இரு!"

"ஒரு வருஷமா சும்மாதானே இருந்தேன்! அண்ணே, நீங்க அசையாதீங்க. கத்தி கழுத்துல இருக்கு."

துண்டை வெடுக்கென்று உருவினாள்.

சிமெண்ட் கடைக்காரர் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேர் மேலே அந்த வெளிநாட்டு இளைஞன். தழும்பைத் தாண்டி நின்ற கத்தி அவன் கையில் இம்மிகூட ஆடவில்லை.

பக்கத்தில் நின்ற சலூன்காரர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். அப்படியும் அது உதறிக்கொண்டே இருந்தது.

இளைஞன் கத்தியை உயர்த்தினான்.

"ஐயா, மீதிக் கன்னத்தை முடிக்கட்டுமா? வெளியே போகட்டுமா?"

பாதி முகத்தில் நுரையோடு சிமெண்ட் கடைக்காரர் தாடைத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபமெல்லாம் புருஷன் மேல்தான்.

"எவன் உள்ளே விட்டான்னு கேட்டாரே, காதுல விழுந்துச்சா? கை நடுக்கம் கண்ட அன்னிக்கு, 'கடையை நீதான் தம்பி காப்பாத்தணும்'னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தது யாரு? அன்னிக்குக் கதவைத் திறந்தீங்கல்ல? இன்னிக்கு வாயைத் திறங்க!"