சனிக்கிழமைக்குள் சத்தம் அடங்கணும்

“அண்ணா, சனிக்கிழமைக்குள்ள இந்தக் கார் கப்சிப்னு ஆயிடணும். அத்தை நாகர்கோவில்லேர்ந்து வராங்க. இனிமே எங்ககூடத்தான்” என்றாள் சுஜி.

பக்கத்தில் அவள் கணவன் காலேப், சர்ச்சில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான்.

பெருங்களத்தூரில் சீட் கவர் கடை வைத்திருக்கும் கதிரேசன் அந்தப் பழைய காரை ஒருமுறை சுற்றி வந்தான். கதவைச் சாத்தினால் தகர டப்பாவை உதைத்த மாதிரி இருந்தது. சத்தம் தடுக்கும் கம்பெனி ஷீட் ஒட்ட ஆகும் செலவைச் சொன்னான். காரே அவ்வளவு விலை போகாது என்றான் காலேப்.

“அப்போ நம்ம ரூட்டுதான் சார். மொட்டை மாடி ஒழுகினா ஒட்டுவாங்கள்ல, அந்தத் தார் ஷீட்டு. அதுமேல ஃபோமு. கதவைச் சுத்தி ரப்பர் பீடிங்கு. மேட்டர் ஓவர்.”

இன்ஜின் பக்கமும் ஒட்டவா என்று கேட்டான். அது உறுமினால் உறுமட்டும், கதவும் கண்ணாடி ஓரமும்தான் முக்கியம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“அத்தைக்குக் காது ரொம்பக் கூர்மைண்ணா. லேசா சத்தம் கேட்டாலும் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாங்க” என்றாள் சுஜி.

கதிரேசன் உருகிப்போனான். மாமியாரின் காதுக்காக இப்படிப் பதறும் மருமகளை அவன் பார்த்ததே இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். வாய் சும்மா இருக்காமல் தன் மனைவி கோகிலவாணியிடமும் சொல்லிவைத்தான். அன்றைக்கு அவனே தட்டெடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை, ஓட்டிப் பார்க்க ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினான். சிக்னலில் நின்றவன், உள்ளே இருந்த அமைதியில் அப்படியே தூங்கிப்போனான். பின்னால் தாம்பரம் வரைக்கும் நின்ற அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. ஒரு அசைவும் இல்லை. கடைசியில் போக்குவரத்துக் காவலர் கதவைத் திறந்து தோளை உலுக்கித்தான் எழுப்பினார். வேலை சுத்தம் என்று கதிரேசனுக்கு அப்போதுதான் மனசு நிறைந்தது.

சனிக்கிழமை மாலை மாடம்பாக்கத்தில் அவர்கள் குடியிருப்பு வாசலில் காரை நிறுத்தினான். மாமியார் ரத்தினபாய் வந்து சேர்ந்து, முதல் மாடி பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். காலேப்பும் சுஜியும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இறங்கி வந்தார்கள். சாவியைக்கூட வாங்காமல் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கார் நகரவில்லை. மேலிருந்து பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும். ரத்தினபாய் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, உள்ள ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுதாவளா?”

கதிரேசன் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். சுஜியின் வாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலேப் டேஷ்போர்டை ஓங்கிக் குத்தினான். அவள் குஷனை எடுத்து அவன் தலையில் ஒன்று போட்டாள். வெளியே, எங்கோ காகம் கரைவது மட்டும் கேட்டது.

“ஆமாம்மா. ரொம்ப உருக்கமா போய்க்கினு கீது” என்றான்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. முடியை ஒதுக்கிக்கொண்டு, முகமெல்லாம் தெளிந்து இறங்கிய சுஜி அவன் பக்கமாய்ச் சாய்ந்து மெல்லக் கேட்டாள்:

“இனிமே வீட்ல வச்சு சண்டை போட முடியாதுல்ல, அதான். வெளியில ஒரு வார்த்தைகூட கேக்கலையேண்ணா?”