புலிக்குச் சிங்களத்தில்

கிட்டார் பெட்டிக்குள் இருந்த பாட்டுக் கொப்பியைத்தான் பொலிஸ்காரர் முதலில் எடுத்தார்.

2008 ஓகஸ்ட், காலை ஏழரை மணி. கொழும்புப் பாதையில் ஒரு சோதனைச் சாவடி. 'ஏழாம் நம்பர்' ரொக் இசைக்குழுவின் மூன்று பேரும் வேனை ஒட்டி வரிசையாக நின்றோம்.

பத்து மணிக்கு ஒரு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு. பிந்தினால் வேறு குழுவை உள்ளே விடுவார்கள்.

ஆறு வருடமாகத் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக்களில் வாசிக்கிறோம். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே சொந்தப் பாட்டு இரண்டைச் செருகுவோம். "இறங்குடா" என்று சத்தம் வரும். கஹவத்தையில் றிஸ்மியின் போன் கடையில் எங்கள் சீடி தூசி படிந்து கிடந்தது. இந்த ஒரு காலைக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம்.

வழி நெடுக, டிரம்ஸ் வாசிக்கும் முக்தார் பாடகன் சதீஸைச் சீண்டிக்கொண்டே வந்திருந்தான்.

"ரேடியோவுலயும் போயி, காணாமப்போன புள்ளையோட அம்மா மேடைக்கு வரவும்னு சொல்லிறாதடா."

பொலிஸ்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. யாருக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று கேட்டார்.

நான் முன்னே வந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்ததால் ஓப்பநாயக்க ஊர்ப் பள்ளியில் சிங்களத்தில் படித்தவன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினார்.

எங்கள் பாட்டுகளில் தோட்டத்துச் சனம் கைதட்டிக் கேட்டது அந்தப் பக்கத்தில் இருந்த பாட்டை மட்டும்தான். தொழிலாளர் லயவீடுகளின் நாய்களைத் தூக்கிப் போகும் சிறுத்தையைப் பற்றியது. எங்கள் பக்கம் சிறுத்தை என்று யாரும் சொல்வதில்லை. புலி என்போம்.

வரி வரியாகச் சொன்னேன். புலி ஏழாம் நம்பர் மலையில் படுத்திருக்கிறது. இரவில் இறங்கி வரும். யாராலும் பிடிக்க முடியாது.

புலி வந்த இடத்திலெல்லாம் 'கொட்டியா' என்றேன்.

மலையடிவாரத்துச் சிங்களவர்களும் சிறுத்தையை அப்படித்தான் சொல்வார்கள். புத்தகச் சிங்களத்தில் அதற்குத் 'திவியா' என்று தனிச்சொல் உண்டு. எனக்குத் தெரியும். நாக்கில் வரவில்லை.

கொட்டியா என்ற சொல்லுக்கு அந்த வருடம் சாவடிகளில் ஒரே பொருள்தான்.

அவர் முகம் மாறிய பிறகு மிருகம் என்றேன். நாய் என்றேன். உடம்பில் விரலால் புள்ளி வைத்துக் காட்டினேன். அவர் கொப்பியை மூடிவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. முக்தார் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"மம" என்றான் சதீஸ். நான் என்று பொருள். அவ்வளவுதான் சொன்னான்.

அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டு, வேனை எடுக்கச் சொன்னான். பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும், தான் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னான்.

நாங்கள் போகவில்லை. மாலை வரை நின்றோம். மாலையில் வேறு ஆட்கள் கடமைக்கு வந்திருந்தார்கள். அப்படி யாரையும் தெரியாது என்றார்கள்.

அதன் பிறகு நாங்கள் வாசிக்கவேயில்லை. யுத்தமும் முடிந்துவிட்டது. எந்தப் பட்டியலிலும் சதீஸின் பெயர் இல்லை.

அவனுடைய அம்மா மருதாயி என்னைக் காணும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறார், அவன் ஏன் தம்பி அப்படி ஒரு பாட்டை எழுதினான் என்று.

சீடி அட்டையில் 'பாடல்கள்: சதீஸ்' என்று அச்சாகி வந்தபோது, எழுதிய என் பெயர் எங்கே என்று சண்டை பிடித்து, மூன்று மாதம் அவனோடு பேசாமல் இருந்தேன்.

அன்று சாவடியில் கேட்டபோது, அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.