மறுபடியும் ஈரம்

"மறுபடியும் ஈரம்! மூக்கு அவிஞ்சு போச்சாடி உனக்கு? எடு, எல்லாத்தையும் அள்ளு!"

மாமியார் பூல்மத்தி போட்ட கூச்சல் தகரக் கொட்டகையைத் தாண்டி வராந்தா வரைக்கும் போயிருக்கும். ஷாயல் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். பலகைப் பெட்டிக்குள் பரப்பிய மரச்சீவலின் மேல், பல்பு வெளிச்சத்தில், பதினாலு வாத்துக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. வாத்துக்குஞ்சு தண்ணீரைக் குடிப்பதைவிடக் கொட்டுவதுதான் அதிகம், ஈரத்தில் படுத்தால் குளிர் கண்டு செத்துப்போகும், எல்லாம் சரி. ஆனால் இந்தத் தடவை தண்ணீர் டப்பாவைத் தட்டிவிட்டது குஞ்சு இல்லை, கிழவியின் கால். ஷாயல் கண்ணால் பார்த்தாள்.

"அத்தே, நீங்கதான் தட்டிவிட்டீங்க."

"வாய் நீளுதா? போ, போய் டப்பாவைத் தேய்ச்சுக் கழுவிட்டு வா. மரச்சீவலை நான் அள்ளுறேன். நீ கட்டுற லட்சணத்துக்கு மூட்டை வழியிலேயே அவிழ்ந்துடும்."

வராந்தாவில் புருஷன் ரொனீல் காலை நீட்டி உட்கார்ந்து, யாங்கோனா என்கிற போதை வேர்ச்சாற்றைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை, கரும்பாலைக்கு லீவு. அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அம்மாவின் திட்டு கேட்கிறவரைக்கும் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், அடி உதை தாங்காமல், சுவாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடலாமென்று கைப்பையோடு கிளம்பினாள் ஷாயல். பஸ் ஸ்டாப்பிலிருந்து ரொனீல் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவள் போன் அவன் பாக்கெட்டில், அவள் சாமான் இருக்கிற அலமாரியின் சாவி மாமியாரின் இடுப்பில்.

பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் சவுசவு துறைமுகம் போய், சுவாவுக்குப் போகிற சாயங்காலக் கப்பல் ஏறிவிடலாம். வாரத்துக்கு ஒரு கப்பல்; விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். கட்டின துணியோடாவது ஓடிவிடலாமென்று விடிந்ததிலிருந்து பார்க்கிறாள். கிழவி நகர்ந்தால்தானே! என்ன ஜென்மமோ, அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

டப்பாவைக் கழுவி, புதுச் சீவல் பரப்பி, குஞ்சுகளைப் பெட்டியில் விட்டுவிட்டு, கிழவி கட்டி வைத்த மூட்டையைத் தூக்கினாள். தோள் ஒரு பக்கம் இறங்கியது. பதினாலு குஞ்சு இவ்வளவா பேளும்?

வராந்தாவைத் தாண்டும்போது ரொனீலின் குரல் வந்தது. "நில்லு. எத்தனை மூட்டைதான் போகும்? அவிழ்த்துக் காட்டு."

ஷாயல் முடிச்சில் கை வைத்தாள். அதற்குள் பூல்மத்தி பாய்ந்து வந்து தானே மூட்டையின் வாயைப் பிரித்து மகனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "பாக்கணுமா? இந்தா, நல்லா மோந்து பாரு ராசா!"

குடித்த யாங்கோனா அவன் தொண்டைக்கே திரும்பி வந்தது. "ஐயே, கொண்டு போம்மா! கொண்டு போ!"

"நானும் கூடப் போறேன். தனியா விட்டா இவ ஓடிடுவா."

"நீ இருக்கும்போது எனக்கு என்னம்மா கவலை" என்று அவன் அடுத்த கிண்ணத்தை மொண்டான்.

கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டோரமாக, குப்பைக்குழி. இங்கே நின்றால் வீடு தெரியாது. மாமியார் சொன்னபடி அவிழ்க்காமலே போட்ட முதல் இரண்டு மூட்டையும் அப்படியே கிடந்தன. ஷாயல் மூன்றாவதை இறக்கி வைக்கவும், தூரத்து வளைவில் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது. பத்து மணி பஸ்.

ஷாயலுக்கு அடக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, நீங்களும் ஒரு பொம்பளைதானே? என்னை விட்டுடுங்க. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டா போதும். இன்னும் ஒரு வாரம் இருந்தா நான் செத்துடுவேன்."

பூல்மத்தி காலை உதறிக்கொண்டாள். உட்கார்ந்து மூன்று மூட்டைகளையும் மளமளவென்று அவிழ்த்தாள். நாறுகிற சீவலுக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

மூன்றாவது மூட்டையின் அடியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிய துணிமணி வந்தது. இரண்டாவதிலிருந்து செருப்பும் கைப்பையும். முதல் மூட்டையிலிருந்து, அதேபோல் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஷாயலின் பிறப்புச் சான்றிதழும் கப்பலுக்கான டிக்கெட்டும்.

கிழவி எல்லாவற்றையும் அவள் மடியில் திணித்துவிட்டு, ரோட்டுக்கு நடுவில் போய் நின்று, அந்த நாறுகிற கையாலேயே பஸ்ஸை மறித்தாள். பஸ் கிறீச்சென்று நின்றது. ஷாயலின் முதுகில் கை வைத்துப் படியை நோக்கித் தள்ளினாள்.

"ஏறுடி, நான் போய் மத்தியானம்வரைக்கும் உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கேன்."