ஒற்றை ஆள் நிறுவனம்

காலையில் தரவரிசை வந்தது. நாமக்கல் லாரி பைனான்ஸ் நிறுவனங்களில் பூங்கோதை நிர்வகித்த நிறுவனம்தான் கடைசி. நிறுவனங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் சீர்தூக்கி இயந்திரம், கடைசியாக வருவதை அன்றைக்கே மூடிவிடும்.

"நாங்க எதுல கொறஞ்சு போனோம்?" என்று திரையிடம் கேட்டாள்.

"இங்கே ஆறு பேர் செய்யும் வேலையை, முதலிடத்து நிறுவனத்தில் ஒரே ஒருவர் செய்கிறார்" என்றது சீர்தூக்கி.

அந்த ஒருவர் அவள் கணவன் நவநீதன்.

தவணை கட்டமுடியாத டிரைவர்கள் நவநீதனை அழைத்தால், அழைப்பு வீட்டு அடுப்படிக்குத்தான் வரும். தினமும் சாயங்காலம் தோசை சுட்டுக்கொண்டே அவர்களிடம் பேசி, தவணையைக் கட்டவைப்பவள் பூங்கோதை. அடுப்படிக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே சீர்தூக்கியின் கணக்கில் அடுப்படியே கிடையாது.

அவள் கணவனைப் போனில் அழைத்துச் சீர்தூக்கியோடு இணைத்தாள். "ஏனுங்க, உங்க கஸ்டமர்கிட்ட யாரு பேசறாங்கன்னு இதுகிட்ட உள்ளதச் சொல்லுங்க."

நவநீதன் தொண்டையைச் செருமினான்.

"நான் ஒருத்தன்தானுங்க. வேற யாருமில்லீங்க."

எல்லோரும் வெளியேறியதும் பூங்கோதையின் அலுவலகக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பூங்கோதையும் அவளோடு வேலை பார்த்த ஐந்து பேரும் பரமத்தி ரோட்டில் வெயிலில் நின்றார்கள். அவள் போன் அடித்தது.

"கோவிச்சுக்காத கண்ணு" என்றான் நவநீதன். "உங்க கஸ்டமரையெல்லாம் எனக்கே மாத்தி உட்டுட்டாங்க. நீ இனி ஊட்லதான இருக்கப்போற? பகல்லயும் நீயே பேசிரு."